தமிழிலிருந்து தமிழுக்கு

எங்கள் பக்கத்தில் ஒருவர் "பாப்பம்" என்றால் அவர் பார்க்கப் போவதில்லை என்று பொருள். "பாத்துச் செய்வம்" என்றால் பார்க்கவும் மாட்டார், செய்யவும் மாட்டார். "யோசிப்பம்" என்றால் யோசித்து முடித்தாயிற்று, முடியாது என்பதுதான் முடிவு. "கதைப்பம்" என்றால் இனி இந்தக் கதையோடு என் வீட்டுப் படலையைத் திறக்காதே. இதெல்லாம் கிளிநொச்சியில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். தெரியாத ஒரே மனிதர் எங்கள் முதலாளி ஜனார்த்தனன்தான். அவருக்கு இதை விளங்கப்படுத்த ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் கஜேந்தினி.

நான் அந்தத் தூள் ஆலையில் லொறி ஓட்டுகிறவன். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் ஏற்றி வந்து இறக்குவேன். அவர்கள் வறுத்து அரைத்துப் பைக்கற்றில் அடைத்த பிறகு கொழும்புக்குக் கொண்டு போவேன். அங்கிருந்து அது கப்பலேறி நோர்வேயில் இருக்கிற எங்கள் சனத்தின் குசினிக்குப் போகும். லொறிக்காரனை ஒருவரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. ஆனால் அவன் ஒரு மூட்டையில் சாய்ந்து நின்றால் போ என்று சொல்லுவதுமில்லை. அதனால் அந்த ஆலையில் நடந்த எல்லாவற்றையும் நான் கேட்டிருக்கிறேன்.

ஜனா சேர் சின்ன வயதில் தாயோடு நோர்வேக்குப் போனவர். நாற்பது கடந்த பிறகு, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்து, உருத்திரபுரத்துக்குப் போகிற வழியில் காணி வாங்கி ஆலையைக் கட்டினார். நல்ல மனிதர். தமிழும் நன்றாகத் தெரியும். அங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறார். ஆனால் அவருக்குத் தெரிந்தது சொல்லின் பொருள் மட்டும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சைக்கிள் கேட்டதற்குத் தாய் "பாப்பம்" என்றாவாம். அந்தச் சைக்கிள் ஏன் வரவில்லை என்று அவர் இன்றைக்கும் யோசிக்கிறார்.

நோர்வேக்காரர் எப்படி என்று அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஒருவன் விருந்துக்குக் கூப்பிட்டால் மற்றவன் "எனக்கு விருப்பமில்லை, வரமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லுவானாம். அடுத்த நாள் இரண்டு பேரும் சேர்ந்து கோப்பி குடிப்பார்களாம். நாங்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். இங்கே ஒருவன் அப்படிச் சொன்னால் அவன் பேத்தி வயதுக்கு வருகிற சாமத்திய வீட்டுக்கும் நாங்கள் போக மாட்டோம்.

ஆலை திறந்த புதிதில் அவர் பெரிய பலகை ஒன்றை எழுதி மாட்டினார். "உண்மையைப் பேசுவோம்" என்று அதில் இருந்தது. பேசுவோம் என்று எதிர்காலத்தில் போட்டிருந்தபடியால் ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

முதல் மாதமே சங்கடம் தொடங்கிவிட்டது. வறுக்கிற பகுதிக்குப் பொறுப்பு பொன்னையா அண்ணை. தாச்சிக்குப் பக்கத்தில் நின்று மணத்தை வைத்தே பதம் சொல்லுவார். அதைவிடத் திறமாக ஊர்க்கதை சொல்லுவார். அவரிடம் ஜனா சேர் போய், "வெள்ளிக்கிழமைக்குள் இந்த மிளகாய் முழுவதும் வறுத்து முடியுமா?" என்று கேட்டார்.

"செய்வம் சேர்," என்றார் பொன்னையா அண்ணை.

வெள்ளிக்கிழமை வந்தது. மிளகாய் சாக்கிலேயே கிடந்தது. ஜனா சேருக்கு நம்பவே முடியவில்லை.

"செய்வோம் என்று சொன்னீர்களே?"

"ஓம் சேர். செய்வம் எண்டுதானே சொன்னனான்?" என்று பொன்னையா அண்ணை உண்மையாகவே மனம் நொந்து கேட்டார். முடியாது என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் இந்த மனிதன் ஏன் வந்து நிற்கிறான் என்று அவருக்கும் விளங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் கஜேந்தினி வேலைக்கு வந்தாள். ஃபோன் எடுக்கவும் கணினியில் கடிதம் அடிக்கவும் எடுத்த ஆள். முப்பது வயதைத் தாண்டியிருக்கும். கணவன் மேசன் வேலை. அவளுடைய அம்மப்பா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த குடும்பத்து ஆள். மலையகத்தில் கலவரம் வந்த காலத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். கஜேந்தினி பிறந்தது கிளிநொச்சியில், படித்தது கிளிநொச்சியில், பங்கருக்குள் ஒளிந்ததும் இடம்பெயர்ந்ததும் முகாமில் கிடந்ததும் எங்களோடுதான். இருந்தாலும் எங்கள் சனத்துக்கு அவர்கள் இன்னும் "வந்த ஆக்கள்". பொன்னையா அண்ணையின் தகப்பன் மட்டும் என்ன, குடியேற்றத் திட்டத்தில் தீவுப்பக்கமிருந்து வந்தவர்தான். முதல் பஸ்ஸில் வந்தவன் இரண்டாம் பஸ்ஸில் வந்தவனைப் பார்த்து "நீ எந்த ஊர்?" என்று கேட்கிற கதை இது. இதை நினைத்தால் எனக்கு இப்பவும் பத்திக்கொண்டு வரும்.

அவள் வீட்டில் பேசுகிற தமிழ் வேறு. "வந்துட்டேம்மா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் போவாள். படலையைத் தாண்டினால் "ஓம் அக்கா, வாறன்" என்று மாறிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் "வாங்க, போங்க" என்று சொன்னதற்குப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்தே அவளுக்கு இரண்டாம் தமிழைப் பழக்கிவிட்டார்கள். ஒரு மொழியைப் பயந்து படித்தவளுக்கு அதன் நெளிவுசுளிவு பிறந்தவனைவிட நன்றாகத் தெரியும். எங்களுக்கு எங்கள் தமிழ் காதில் விழுவதே இல்லை. அவளுக்கு ஒவ்வொரு இழுவையும் விழுந்தது.

முதல் மொழிபெயர்ப்பு வெள்ளைக் கோட்டு விசயத்தில் நடந்தது. ஜனா சேர் எல்லோருக்கும் வேலைக்குப் போட வெள்ளை வெளேரென்று கோட்டுத் தைப்பித்துக் கொண்டுவந்தார். மிளகாய்த்தூள் ஆலைக்கு வெள்ளைக் கோட்டு! வரிசையில் நிறுத்தி, "எப்படி இருக்கிறது? நேர்மையாகச் சொல்லுங்கள்," என்றார்.

"வடிவாக் கிடக்கு சேர்," என்றார்கள் எல்லோரும்.

"நல்ல வெள்ளை," என்றா மல்லிப் பகுதி அமராவதி அக்கா. "ஆனா..."

"ஆனால்?"

"ஒண்டுமில்லை சேர். வடிவு."

ஜனா சேர் சந்தோசமாக அறைக்குள் போனார். பின்னால் தேத்தண்ணியோடு போன கஜேந்தினி மெதுவாகச் சொன்னாள்: "சேர், அவைக்கு அது பிடிக்கேல்லை."

"வடிவு என்றுதானே சொன்னார்கள்?"

"அமராவதி அக்கா 'ஆனா' எண்டவா. பிறகு ஒண்டுமில்லை எண்டவா. அந்த ஒண்டுமில்லைதான் சேர் பதில்."

ஜனா சேர் தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்தார். பிறகு வெளியே வந்து, கோட்டை மாற்றி மண்நிறத்தில் தைப்பிக்கலாமா என்று கேட்டார். ஆலை முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. பொன்னையா அண்ணை, "சேருக்கு எங்கடை மனசு விளங்குது," என்று கண் கலங்கினார். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அன்று காலையே விளங்கியிருக்கும்.

அன்றிலிருந்து எந்தக் கூட்டம் என்றாலும் கஜேந்தினி பக்கத்தில் நிற்க வேண்டும். தமிழன் தமிழனோடு தமிழில் கதைக்க ஒரு மொழிபெயர்ப்பாளர். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஆலை ஓடத் தொடங்கியது. "செய்வம்" என்றால் இன்னும் இரண்டு ஆள் தராமல் முடியாது என்று பொருள், "காய்ச்சல் போலக் கிடக்கு" என்றால் கோவிலில் திருவிழா என்று பொருள், "குறை நினைக்காதேங்கோ" என்று ஒருவர் தொடங்கினால் குறை நினைக்கிற மாதிரி ஒன்று வரப்போகிறது என்று பொருள். எல்லாம் அவள் பிரித்துச் சொன்னாள்.

ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லுகிற ஓமைத்தான் அவருக்குப் படிப்பிக்கக் கஷ்டப்பட்டாள். தலையைக் குனிந்துகொண்டு சொல்லுகிற ஓம், "காதில் விழுந்தது" என்கிற ஓம். இரண்டு தரம் அடுக்கிச் சொன்னால் "கதையை நிற்பாட்டு". இழுத்துச் சொன்னால் "இல்லை". "ஓம் தானே" என்று முடித்தால், பிழைத்தால் என்னைக் கேட்காதே. உண்மையான ஓமும் உண்டு. அது சொல்லுகிறவன் எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகுதான் தெரியும். ஜனா சேருக்கு இது பிடித்துப்போய்விட்டது. ஒருவர் தலையாட்டிவிட்டுப் போனதும் அவள் பக்கம் திரும்பி, "எந்த ஓம்?" என்று கேட்பார்.

மறுபக்கத்துக்கும் அவள்தான். ஜனா சேர் ஒருநாள் அமராவதி அக்காவிடம், "இந்த மல்லி கருகிவிட்டது. இது பிழை. திரும்பச் செய்யுங்கள்," என்று நோர்வே முறையில் சொல்லிவிட்டார். அமராவதி அக்காவுக்கு உடனே காய்ச்சல். திருவிழா இல்லாத காய்ச்சல். கஜேந்தினி அவாவின் வீட்டுக்குப் போய், "அக்கா, உங்கடை கை பட்ட மல்லி இப்பிடி வராதெண்டு சேருக்கும் தெரியும். அதாலைதான் அவருக்கு மனசு கேக்கேல்லை. அடுப்பைத் திருத்தித் தாறாராம், நீங்கள் ஒருக்கா வந்து வறுத்துக் காட்டுங்கோவன்," என்றாள். இதில் ஒரு சொல் பொய் இல்லை. மல்லி கருகினது என்ற உண்மை அப்படியே இருந்தது. அதற்கு ஒரு சட்டையைப் போட்டுவிட்டாள், அவ்வளவுதான். அக்கா அடுத்த நாள் வேலைக்கு வந்து அடுப்பை நன்றாகத் திட்டிவிட்டு மல்லியைத் திரும்ப வறுத்தா.

அப்படி வீடு தேடிப் போனவளுக்கு அமராவதி அக்கா செய்த மரியாதையையும் சொல்ல வேண்டும். மகளின் கலியாணத்துக்கு எங்கள் எல்லோர் வீட்டுக்கும் குடும்பமாக வந்து சொன்னா. கஜேந்தினிக்கு மட்டும் ஆலையில் வைத்து அழைப்புக் காட்டைக் கையில் கொடுத்தா. "உன்ரை வீட்டுப் பக்கம் றோட்டு சரியில்லைப் பிள்ளை," என்றா. கஜேந்தினி, "ஓம் அக்கா, பள்ளம்தான்," என்று வாங்கிக்கொண்டாள். அந்த றோட்டால்தான் நான் தினமும் லொறி கொண்டு போகிறேன். கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது.

இரண்டு வருடம் கழிய, சுப்பவைசராக இருந்த அருந்ததி மிஸ் பிரான்ஸில் இருக்கிற கணவனிடம் போய்விட்டா. அந்த இடம் காலியானது. சுப்பவைசர் என்றால் வேலையைப் பிரித்துக் கொடுக்கிற ஆள். அதில் பாதியைக் கஜேந்தினி ஏற்கனவே செய்துகொண்டிருந்தாள். அந்த இடத்தில் இருக்கிற ஆளை ஆலையில் எல்லோரும் "மிஸ்" என்று கூப்பிடுவார்கள். கஜேந்தினிக்கு அது வேண்டும். வெளியில் சொல்லவில்லை, ஒருநாள் லொறியில் ரவுணுக்கு வரும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அப்பாவை அவர் கூலிக்குப் போற வயல்காரர் இன்னும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறவை அண்ணை. அறுபது தாண்டீட்டுது. இருபது வயசுப் பெடியனும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். எங்கடை வீட்டிலை ஒராளையாவது ஆரும் மரியாதையாக் கூப்பிடுறதை அவர் கேக்கோணும்."

"கிடைக்கும் பிள்ளை," என்றேன்.

ஜனா சேரும் அவளைத்தான் நினைத்திருந்தார். ஆனால் நோர்வேயில் படித்த மனிதர் அல்லவா, எல்லோரையும் கேட்டுச் செய்வதுதான் முறை என்று இறக்குகிற மண்டபத்தில் கூட்டம் வைத்தார். பலகைக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்தார். கஜேந்தினி வழக்கம்போலப் பக்கத்தில் நின்றாள். நான் மல்லி மூட்டையில் சாய்ந்து நின்றேன்.

"கஜேந்தினியைச் சுப்பவைசராகப் போடலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தை நேர்மையாகச் சொல்லுங்கள்."

மெசின் நிறுத்தியிருந்ததால் கூரையில் காகம் நடப்பதுகூடக் கேட்டது. கடைசியில் பொன்னையா அண்ணை தொண்டையைச் செருமினார்.

"கஜேந்தினி நல்ல பிள்ளை. தங்கமான பிள்ளை. கெட்டிக்காரி. ஒரு குறை சொல்ல ஏலாது. ஆனா... பிள்ளையும் குறை நினைக்கக் கூடாது... ஊரிலை நாலு சனம் நாலு விதமாக் கதைக்கும். அதுதான் யோசினை. மற்றும்படி எங்களுக்கு ஒண்டுமில்லை. சேர் பாத்துச் செய்யுங்கோ."

"ஓம் ஓம்," என்றா அமராவதி அக்கா. "பிள்ளைக்கும் வீட்டுப் பொறுப்பிருக்கு. பாவம், பெரிய சுமை. நாங்கள் அவளுக்காண்டித்தான் சொல்லுறம்."

பைக்கற் மெசின் ஓட்டுகிற டிலக்ஸன் முள்ளிவாய்க்கால் கடற்கரைப் பெடியன், கலியாணம் கட்டி இங்கே வந்தவன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "பெரியாக்கள் சொன்னாச் சரிதானே," என்றான்.

இத்தனை புகழ்ச்சியைக் கேட்டு ஜனா சேரின் முகம் மலர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர் இப்போது கொஞ்சம் படித்திருந்தார். ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. பழக்கத்தில் கஜேந்தினி பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்கிறார்கள்?"

கேட்ட பிறகுதான் அவருக்குத் தான் யாரிடம் எதைக் கேட்டோம் என்பது உறைத்தது. ஆனால் கேட்டாயிற்று. எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் தலையைக் குனிந்து "ஒண்டுமில்லை சேர்" என்று சொல்லியிருந்தால் எல்லோரும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்போம். அதைத்தான் எதிர்பார்த்தோம்.

அவள் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் சொல்லுகிற அதே குரலில் சொன்னாள்.

"நான் மலையகத்து ஆக்களின்ரை பிள்ளை சேர். எனக்குக் கீழை நிண்டு வேலை செய்ய இவைக்கு மனமில்லை. அதைச் சொல்ல வெக்கம். அதாலை நாலு சனம் கதைக்கும் எண்டு சொல்லுகினம். அந்த நாலு சனமும் வெளியிலை இல்லை சேர், இஞ்சைதான் நிக்குது."

"ஐயோ! அப்பிடி ஆர் சொன்னது?" என்று அமராவதி அக்கா நெஞ்சில் கை வைத்தா.

"நான் அப்பிடி ஒரு சொல்லுச் சொன்னனானோ? சேர், நீங்களே கேட்டனீங்கள்தானே!" என்றார் பொன்னையா அண்ணை. அவர் முகம் செத்தல் மிளகாயாகச் சிவந்திருந்தது.

அவர்கள் சொன்னது சரிதான். ஒருவரும் அப்படி ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படி ஒரு சொல் சொல்லவே மாட்டோம். சொல்லாமலே எத்தனை பேரைப் படலைக்கு வெளியே நிற்பாட்டி வைத்திருக்கிறோம்!

ஜனா சேர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். நோர்வேயில் இதற்குச் சட்டம் இருக்கிறது என்று எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் நோர்வேயில் மிளகாய் வறுக்கப் பொன்னையா அண்ணை இல்லை. ஏற்ற வேண்டிய பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. அவர் எழும்பினார்.

"சரி... பாப்பம்," என்றார்.

மண்டபத்தில் ஒரு மகிழ்ச்சி பரவியதை நான் கண்ணால் கண்டேன். எங்கள் முதலாளி கடைசியில் எங்கள் ஆளாகிவிட்டார்.

நான் டீசல் துண்டில் கையெழுத்து வாங்க அவருடைய அறை வாசலில் நின்றபோது கஜேந்தினி உள்ளே போனாள். என்னைக் கண்டும் கதவைச் சாத்தவில்லை.

"சேர், பாப்பம் எண்டா என்ன?"

"பாப்பம் என்றால்... பாப்பம்தான்."

"உங்களுக்கு அந்தச் சொல்லின்ரை அர்த்தத்தைச் சொல்லித் தந்தது நான்தான் சேர்."

அவர் மேசையில் இருந்த பேனாவை இங்கும் அங்கும் உருட்டினார். அவள் சொன்னாள்: "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க சார். தாங்கிக்குவேன்."

அது அவள் வீட்டுத் தமிழ். இரண்டு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அது ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கும் அது தெரியாமல் வந்துவிட்டது என்று நினைக்கிறேன், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஜனா சேருக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு தூரம் நாங்கள் அவரைக் கெடுத்து வைத்திருந்தோம். "ஊழியர்களின் சம்மதம் இல்லாமல் நான் எப்படிச் செய்வது? அவர்கள் சரி என்றால் நான் இன்றைக்கே போடுவேன். எனக்கு ஒரு தடையும் இல்லை," என்றார்.

"எல்லாரும் ஓம் எண்டாப் போடுவீங்களோ?"

"எல்லோரும் ஓம் என்றால் போடுவேன்."

அவள் போய்விட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே வறுக்கிற பகுதிக்குப் போனாள். தேத்தண்ணி நேரம், எல்லோரும் கோப்பையோடு நின்றார்கள். பொன்னையா அண்ணைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணை, நான் சுப்பவைசரா வாறது உங்களுக்கு விருப்பமோ, இல்லையோ?"

அண்ணையின் வாயிலிருந்த தேத்தண்ணி கீழே போக வழி தெரியாமல் நின்றது. எங்கள் ஊரில் மனிதரிடம் அப்படிக் கேட்பதில்லை. பேய் பிசாசிடம்கூடச் சுற்றி வளைத்துத்தான் கேட்போம்.

"இதென்ன பிள்ளை கேள்வி? சேரெல்லோ முடிவெடுக்கோணும்..."

"சேர் வேண்டாம் அண்ணை. நாலு சனமும் வேண்டாம். நீங்கள் சொல்லுங்கோ. வேண்டாமெண்டா வேண்டாமெண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ, நான் போயிடுறன்."

அவர் தாச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். உதவி எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. ஒரு மனிசியின் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லுகிற பழக்கம் அவருடைய ஏழு தலைமுறைக்கும் கிடையாது.

"எனக்கென்ன பிள்ளை... நான் ஏன் வேண்டாமெண்டப் போறன்..."

"ஓமோ, இல்லையோ?"

"ஓ...ம்," என்றார் அண்ணை. நெற்றியெல்லாம் வியர்வை.

அவள் அடுத்த ஆளிடம் போனாள். அமராவதி அக்கா அவள் வருவதைக் கண்டு மல்லிச் சாக்குக்குள் தலையை விட்டு எதையோ தேடினா.

"அக்கா, நீங்கள்?"

"உன்னை நான் என்ரை பிள்ளை மாதிரியெல்லோ நினைச்சிருக்கிறன்..."

"ஓமோ அக்கா?"

"ஓமடி ஓம்!"

டிலக்ஸன் அவள் வாயைத் திறக்க முன்னமே "ஓம் ஓம் ஓம்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டு மெசினைப் போட்டான். அதில் பைக்கற்கூட இருக்கவில்லை. இப்படியே ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு கடைசியில் என்னிடம் வந்தாள். நானும் ஓம் என்றேன். என்னுடையது எந்த வகை என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு அவள் அறைக்குப் போனாள். அந்த அறைக்குத் தடுப்பு வெறும் பலகைதான், மேலே திறந்து கிடக்கும். உள்ளே தும்மினால் வெளியே கேட்கும். ஒருவரும் வேலைக்குத் திரும்பவில்லை. கோப்பையைக் கையில் பிடித்தபடி எல்லோரும் தடுப்புப் பக்கம் நகர்ந்தார்கள். பொன்னையா அண்ணையின் முகத்தில் அவ்வளவு கவலை இல்லை. ஜனா சேர் கேட்கப் போகிற கேள்வி அவருக்குத் தெரியும். இந்தப் பிள்ளை பொய் சொல்லாது என்பதும் தெரியும். தான் சொன்ன ஓமை அவளே பிரித்து வைத்து, இது இல்லை என்கிற ஓம் சேர் என்று சொல்லிவிடுவாள். ஆளையும் நோகடிக்காமல் காரியமும் முடிந்துவிடும் என்று அவர் நம்பிக்கொண்டு நின்றார். அவளுடைய நேர்மையை எங்கள் ஆலையில் அவரைப்போல மதித்தவர் வேறு ஒருவரும் இல்லை.

"எல்லாரும் ஓம் எண்டுட்டினம் சேர்."

"எல்லோருமா?"

"கேட்டுப் பாருங்கோ. ஒராள்கூட இல்லை எண்டு சொல்லேல்லை."

உள்ளே கதிரை கிரீச்சிட்டது.

"எந்த ஓம், கஜேந்தினி?"

வெளியே பொன்னையா அண்ணை தடுப்பில் காதை வைத்தார்.

"தமிழிலை ஒரு ஓம்தான் சேர் இருக்கு," என்றாள்.

இரண்டு வருடத்தில் அவள் செய்த ஒரே பிழையான மொழிபெயர்ப்பு அதுதான். சொல்லுக்குச் சொல் அது சரியாகத்தான் இருந்தது. எனக்கு மூட்டைக்கு மேல் ஏறி விசிலடிக்க வேண்டும் போல இருந்தது.

ஜனா சேர் அவளோடு வெளியே வந்து, இன்றிலிருந்து கஜேந்தினிதான் சுப்பவைசர் என்று அறிவித்தார். மறுப்பதற்கு ஒருவருக்கும் வழியில்லை. இல்லை என்று சொல்லுகிற நேரம் தேத்தண்ணியோடு முடிந்து போயிருந்தது. முதலில் கை தட்டியது பொன்னையா அண்ணை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"மிஸ், நான் அப்பவே சொன்னனான்தானே, தங்கமான பிள்ளையெண்டு!"

கஜேந்தினி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம் அண்ணை," என்றாள். "சொன்னனீங்கள்."